மேட்டுப்பாளையத்தில் ஏறக் கூடாதவர்கள்

காசு கொடுத்து வாங்கிய ரயில் டிக்கெட்டில், காசு கொடுத்த தூரத்துக்கே ஏற முடியாமல் செய்துகொண்டவன் நான். இதை ரயில்வே எனக்குச் செய்யவில்லை, தலையெழுத்தும் செய்யவில்லை. நானே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் ஆராய்ந்து, டீக்கு மேல் டீ குடித்துச் செய்துகொண்டேன். அவசரத்தில் செய்த முட்டாள்தனம் என்றால் யாரும் மன்னித்துவிடுவார்கள். இது நிதானமாகச் செய்தது. செய்து முடித்த மறுநாள் குன்னூரை அடுத்த வெலிங்டனில் என் ஆபீசில் கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். நான் அங்கே ராணுவத்தின் சிவிலியன் குமாஸ்தா. விதிமுறைகளை வரி வரியாகப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததுதான் தப்பு.

டிக்கெட் எனக்காக எடுத்ததல்ல. என் மனைவி கடலில் நீந்தப் போவதற்காக எடுத்தது.

அவள் காரமடைப் பக்கம் தோட்டங்காட்டில் பிறந்தவள். அங்கே பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் நீச்சல் பழக்குவார்கள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு நீலகிரி மலைமேல் எங்கள் ஊரான ஜெகதளாவுக்குக் கூட்டி வந்தவன் நான். எங்கள் மலையில் தண்ணீர் என்பது சுடவைக்க வேண்டிய பொருள். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுகிறவனையே நாங்கள் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்ப்போம். அதில் முழு ஆளாக இறங்குவது செய்தித்தாளில் வருகிற சமாச்சாரம். சுற்றுலா வந்த இடத்தில், நண்பர்கள் கண்ணெதிரே என்று ஆரம்பிக்கும். ஏரி இருக்கிறது, அணை இருக்கிறது, ஒவ்வொன்றின் முன்னாலும் இறங்காதே என்று பலகையும் இருக்கிறது. ஆகவே கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் நீந்தியதெல்லாம் தம்பியின் கிணற்றில்தான். அதுவும் நோம்பி நொடி, பண்டிகை என்று ஊருக்குப் போகும்போது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான், தூத்துக்குடியில் நடக்கும் கடல் நீச்சல் ஒன்றுக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்தாள். கரையிலிருந்து புறப்பட்டு, தூரத்தில் மிதக்கும் மிதவையைச் சுற்றிக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். முதல் ஆள், இரண்டாவது ஆள் என்ற பேச்சில்லை, முடித்தால் போதும். நீச்சல் உடையும் கண்ணாடியும் கூரியரில் வந்தன. என் மனைவி அந்த உடையைப் பிரித்து, நீளம் பார்த்து, மடித்து, பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் தினமும் வேலை முடிந்து வந்து, போனில் அந்தக் கடலின் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். டீ ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் லீவு என்றால் மேனேஜருக்கு முகம் கறுத்துவிடும். எப்படியோ பேசி லீவு வாங்கிவிட்டாள். வாங்கிவிட்டு என்னிடம் சொன்னாள்:

“இதொண்ண நான் செஞ்சுபோடறேனுங்க. நீங்க டிக்கெட்ட மட்டும் பாத்துக்கங்க.”

அவள் என்னிடம் எதையும் இரண்டாவது தரம் கேட்டதில்லை. முதல் தரம் கேட்டதே குறைவு. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை, பொறுப்பு உணர்ச்சியால்.

துணைக்கு இருக்கட்டும் என்று மகள் என் பெயரையும் கொடுத்திருந்தாள். புதியவர்களுக்கான சின்னச் சுற்று, பக்கத்திலிருக்கும் மிதவையைத் தொட்டுவிட்டு வந்தால் போதும். எனக்கு நீச்சல் தெரியாது என்று நான் சொன்னதை அவள் ஒரு மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் பஸ் பிடித்துக் காரமடைக்கு இறங்கினோம். அது நல்ல அகலமான வட்டக் கிணறு. என் மைத்துனன் என் முதுகில் வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கட்டி, “மாமா, கேன் முழுவாது, நீங்க முழுவுனாலும் கண்டுபுடிச்சர்லாம்,” என்று தைரியம் சொல்லி இறக்கிவிட்டான். கிணற்றில் நீந்துவதென்றால் சுற்றுவதுதான். வலது கைப்பக்கம் சுவர், இடது பக்கமாக வளைந்துகொண்டே போக வேண்டும். மைத்துனன் மேலே உட்கார்ந்து என் மனைவி போட்ட சுற்றுகளை எண்ணுவான். என்னை எண்ணவில்லை. ஒரு சுற்று முடித்தபோது கைதட்டினான்.

கேன் இல்லாமல் நான் மிதக்க ஆரம்பித்த வாரத்தில் டிக்கெட் ஆராய்ச்சியும் உச்சத்தில் இருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் இருக்கிறது. வாரத்தில் எல்லா நாளும் இல்லை, நல்லவேளையாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் உண்டு. சனிக்கிழமை மதியத்துக்குள் நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டி, நீச்சல் தொப்பி வாங்கிக்கொண்டு, பாதுகாப்பு விளக்கம் கேட்காதவர்கள் ஞாயிறன்று தண்ணீரில் இறங்க முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை ரயிலை விட்டால் அவளுடைய கடல் அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் என்ன செய்வான்? பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்குவான், அங்கே புறப்படும் ரயிலில் ஏறுவான். குழந்தைக்கும் தெரியும்.

எனக்கு ஒரு கால்சட்டை தேவைப்பட்டது.

நீச்சல் கால்சட்டை, என் இடுப்பளவுக்கு, குன்னூரில் கிடைக்கவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து, ஸ்வெட்டர் இருக்கிறது என்றார். கோயம்புத்தூரில்தான் வாங்க வேண்டும். சரி, மத்தியானமே கோயம்புத்தூர் போய்க் கால்சட்டை வாங்கிவிட்டு, அங்கேயே ரயிலேறலாம் என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து டிக்கெட் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட். மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் அதே ரயிலில், அதே பெட்டியில், இடம் இருக்கிறது. புறப்படும் ஊருக்குத் தனி ஒதுக்கீடு, நடுவழி ஊருக்கு வேறு ஒதுக்கீடு. ஸ்லீப்பருக்கு ஒரு கட்டணம், ஏசிக்கு ஒரு கட்டணம், தட்கல் என்றால் ஒரு கட்டணம், பிரீமியம் தட்கல் என்றால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும் கட்டணம். நீளமாக ஒரே டிக்கெட் எடுத்தால் மலிவு, துண்டு துண்டாக எடுத்தால் அதிகம். இந்தக் காட்டுக்குள் நான் டார்ச் அடித்துக்கொண்டு போய் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் எடுப்பது, ஏறும் இடத்தை மட்டும் கோயம்புத்தூர் என்று மாற்றிவிடுவது. இடமும் கிடைத்தது, என் மனைவிக்குக் கீழ் பெர்த்தும் கிடைத்தது. ஒரே அமுக்கு. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு விதி வந்தது. ஏறும் இடத்தை மாற்றிய பிறகு பழைய இடத்தில் ஏறும் உரிமை கிடையாது, ஏறினால் டிக்கெட் இல்லாத பயணமாகக் கருதப்படும். படித்தேன், புரிந்துகொண்டேன், சம்மதம் என்று அமுக்கினேன். குமாஸ்தா அல்லவா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குன்னூரில் கோயம்புத்தூர் பஸ் ஏறினோம். அவள் மடியில் சோற்றுப் பை, என் தோளில் பெரிய பை. அதில்தான் அவளுடைய நீச்சல் உடை, கண்ணாடி, எங்கள் இரண்டு பேருடைய அடையாள அட்டைகள் எல்லாம். கூடவே என் யோசனையில் வைத்த இரண்டு ஸ்வெட்டரும் ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயும். கடல் தண்ணீர் குளிரும், உடம்பெல்லாம் எண்ணெய் தடவினால் தாங்கலாம் என்பது என் கணிப்பு.

பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். வெளியூர்க் கார் ஒன்று பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை இறங்கியிருக்கிறது. சக்கரத்திலிருந்து புகை வந்து, வளைவிலேயே குறுக்காக நின்றுவிட்டது. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வளைவுக்கு வளைவு எழுதி வைத்திருப்பதைப் பற்றி எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு நீண்ட நேரம் பேசினார். எழுதி வைத்ததைப் படிக்காமல் வரும் ஜனங்களைப் பற்றி நானும் என் கருத்தைச் சொன்னேன். என் மனைவி போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரைத் தள்ளி ஓரம்கட்டி, வழி கிடைத்து, கல்லாறு தாண்டி, மேட்டுப்பாளையத்துக்குள் நுழையும்போது வெயில் இறங்கிவிட்டது. இனி இந்த பஸ் கோயம்புத்தூர் போய்ச் சேருவதற்குள் ரயில் அந்த ஊரைத் தாண்டிவிடும் என்பது எனக்கே தெரிந்தது. கால்சட்டையை மனதில் கைவிட்டேன். அவளோ நிம்மதியாக எழுந்து நின்றாள். ரயில் இங்கேதானே புறப்படுகிறது, இறங்கி ஏறிக்கொள்ளலாம் என்றாள்.

“இங்க ஏறக் கூடாதும்மா,” என்றேன்.

“ஏனுங்க, டிக்கெட்டு இங்கிருந்துதான எடுத்தீங்க?”

“இங்கிருந்துதான்.”

“காசு கட்டியாச்சுங்களா?”

“கட்டியாச்சு.”

“பொறகென்னங்க?”

விளக்கினேன். இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே விளக்கினேன். ஒதுக்கீட்டைப் பற்றி, ஏறும் இடத்தைப் பற்றி, சின்ன எழுத்தைப் பற்றி. ஸ்டேஷன் வாசலில் அவள் நின்று என்னைப் பார்த்தாள். நல்ல இலைத்தூளில் டஸ்ட் கலந்துவிட்டால் ஃபேக்டரியில் எப்படிப் பார்ப்பாளோ அப்படி. உள்ளே எங்கள் ரயில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பெட்டி, எங்கள் பெர்த், எங்கள் காசு. கோயம்புத்தூர் வரைக்கும் நாங்கள் அதற்கு அந்நியர்கள்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. கோயம்புத்தூர் வரைக்கும் இரண்டு சாதாரண டிக்கெட் எடுத்துவிட்டால் சட்டப்படி பொதுப் பெட்டியில் இருந்துவிட்டு, அங்கே எங்கள் பெட்டிக்கு மாறிக்கொள்ளலாம். ஏற்கெனவே காசு கட்டிய தூரத்துக்கு மறுபடி காசு கட்டுவது, அவ்வளவுதான். கவுன்ட்டரில் பெரிய வரிசை. போனில் ஆப் வழியாக எடுக்கலாம் என்று பார்த்தால், நீங்கள் ஸ்டேஷனுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள், தள்ளிப் போய் எடுக்கவும் என்றது. வண்டியில் ஏறிய பிறகு யாரும் டிக்கெட் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நியாயம்தான். நான் வெளியே நடக்க ஆரம்பித்தேன்.

“நான் ஏறறேனுங்க,” என்றாள் அவள். “நீங்க சட்டப்படி வாங்க.”

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ஒவ்வொரு நாலடிக்கும் போனைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு செருப்புக்கடை வாசலில் ஆப் திருப்தியடைந்தது. பணம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றியது. இரண்டு டிக்கெட்டும் வந்து விழுந்தபோது ரயில் ஊதியது. தோளில் பையோடு நான் ஓடிய ஓட்டத்தை அந்தச் செருப்புக்கடைக்காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார். பிளாட்பாரத்துக்குப் போனபோது கடைசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது.

போன் போட்டேன். உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். டிக்கெட் பரிசோதகர் யாரும் வரவில்லை, கோயம்புத்தூருக்கு அப்புறம்தான் வருவார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்களாம். நான் எந்தப் பெட்டியில் இருக்கிறேன் என்று கேட்டாள். பிளாட்பாரத்தில் என்றேன். சோற்றுப் பை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, சாப்பிட ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள்.

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அவளுடைய உடை, கண்ணாடி, அடையாள அட்டை எல்லாம் என் தோளில் தொங்குகிறது. இவற்றோடு நான் கோயம்புத்தூரில் அந்த வண்டியைப் பிடிக்காவிட்டால், அவள் தூத்துக்குடி போய்ச் சேருவாள், கையில் ஒரு டிபன் பாக்ஸோடு. அட்டை இல்லாமல் தொப்பி கிடையாது, தொப்பி இல்லாமல் கடல் கிடையாது. இதொண்ண நான் செய்கிறேன் என்று சொன்னவளுக்கு நான் செய்து வைத்திருப்பது இது. தொடர் விடுமுறை என்பதால் கோயம்புத்தூர் பஸ்களில் படிக்கட்டிலும் ஆள் தொங்கியது. டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

டிரைவருக்கு என் வயது இருக்கும். எங்கே, எதற்கு, ஏன் இவ்வளவு வேர்க்கிறது என்று கேட்டார். போகிற வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அப்போ ரயிலுக்கு ஒரு டிக்கெட் இருக்குது,” என்றார் அவர், “அதே வழிக்கு இன்னொரு டிக்கெட்டும் இருக்குது. நீங்க கார்ல வர்றீங்க. பெரிய எடம் போலிருக்குதுங்க.”

போன் அடித்தது. என் மனைவி. ரயில் காரமடையில் நிற்கிறதாம், எதிரே வண்டி வருகிறதாம், அது போனால்தான் இது கிளம்புமாம். ஒற்றை வழித் தடம் அது. ஜன்னல் வழியாகத் தம்பியின் தோட்டத்துப் பக்கம் தெரிகிறதென்றாள். நான் டிரைவரிடம் சொன்னேன். அவர் காலை அழுத்தினார். அந்த எதிர் வண்டியை ஓட்டி வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நூறு ஆயுசு.

கோயம்புத்தூரில் ரயிலுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். பிளாட்பாரத்தில் நின்றேன். ரயில் வந்தது. எங்கள் பெட்டியில் ஏறினேன். சட்டப்படி, உரிமையோடு, சார்ட்டில் என் பெயருக்கு நேரே போட்ட ஊரில். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கான எலுமிச்சை சாதத்தைத் தனியாக மூடி வைத்திருந்தாள். பையை வாங்கி, திறந்து, முதலில் உடையையும் பிறகு அட்டையையும் தொட்டுப் பார்த்தாள். என்னைக் கடைசியில்தான் பார்த்தாள்.

பரிசோதகர் வந்தபோது நான் எல்லாவற்றையும் காட்டினேன், அந்த இரண்டு சாதாரண டிக்கெட்டுகள் உட்பட. அவற்றில் ஒன்றையாவது என் மனைவிக்காகப் பயன்பட்டதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் சர்வீசில் இந்த விதிக்குப் பயந்து ஒருவர் டிக்கெட் எடுத்து இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லி, அடுத்த பெர்த்துக்குப் போய்விட்டார்.

விடிந்ததும் தூத்துக்குடியில் இறங்கினோம். நான் ஸ்வெட்டரோடு இறங்கினேன். ஸ்டேஷன் வாசலுக்கு வருவதற்குள் கழற்றிவிட்டேன். மதியத்துக்கு வெகுநேரம் முன்னதாகவே தொப்பி வாங்கிவிட்டோம். அவளுக்கு மஞ்சள், எனக்குப் பச்சை. அவள் அந்த ரப்பர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கத்தைக் கேட்டாள். நீந்தும்போது அடிக்கடி தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்க்காவிட்டால் எங்கே போவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது என்றார் விளக்கம் சொன்னவர். நான் ஞாபகமாகத் தலையாட்டினேன். கிணற்றில் எங்கே போய்விட முடியும்? கடைத்தெருவில் கால்பந்து ஆடுகிறவர்களின் கால்சட்டை ஒன்று என் அளவுக்குக் கிடைத்தது. முதுகில் பத்தாம் நம்பர் போட்ட பனியனும் சேர்த்துத்தான் கொடுப்பேன் என்றார் கடைக்காரர். வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, பச்சைத் தொப்பிகள் முதலில் இறங்கினோம். தண்ணீர் நம் பாயிலர் தண்ணீர் மாதிரி இதமாக இருந்தது. உடம்பில் தடவியிருந்த தேங்காயெண்ணெயைப் பற்றி நான் இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் வந்த இரண்டு பேர் கொஞ்சம் தள்ளியே நீந்தினார்கள். ஆரம்பத்தில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கையையும் காலையும் அடித்தேன். காரமடையில் சுற்றுவது போலவே நிம்மதியாக இருந்தது. நெடுநேரம் கழித்து முழங்கால் மணலில் தட்டியது. எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். கரையில் நின்ற தன்னார்வலர் ஒருவர் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, ஏன் திரும்பி வந்துட்டிய? மேலுக்கு முடியலியா?”

முடித்துவிட்டேன் என்றேன். அவர் கடலைக் காட்டினார். நான் தொட வேண்டிய மிதவை, நான் புறப்பட்டபோது எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அவ்வளவு தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் இடது பக்கமாக வளைந்து வளைந்து, அழகான ஒரு வட்டம் போட்டு, இறங்கிய இடத்திலேயே ஏறியிருக்கிறேன். கிணறு பத்திரமாக எனக்குள் இருந்திருக்கிறது, சுவர் மட்டும் இல்லை.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் எனக்கு நின்றுபோனது.

நான் கிணற்றில் சுற்றியது சில ஞாயிற்றுக்கிழமைகள். அவள் நடக்கப் பழகியதிலிருந்து சுற்றுகிறவள். என் உடம்பே இப்படி வளைகிறதென்றால் அவள் உடம்பு? அதுவும் என் சுற்று கரையோரம், அவளுடையது தூரக் கடலுக்கு. சொல்லிவிடலாம் என்று திரும்பினால் மஞ்சள் தொப்பிகள் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தன. நிறையத் தொப்பிகள், எல்லாம் மஞ்சள், எல்லாம் மிளகு அளவுக்குச் சின்னதாகிக்கொண்டே போயின.

அப்புறம் நான் நின்ற நேரத்தைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. மிளகுகள் ஒரு கொத்தாகப் போயின, பிறகு நீண்ட வரிசையாகின. ஒன்று மட்டும் வரிசையை விட்டு இடது பக்கமாக விலகியது. இடது பக்கம். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கையைக் கையை ஆட்டினேன், அவ்வளவு தூரத்திலிருந்து யார் பார்க்கப் போகிறார்கள்? பாதுகாப்புப் படகு அந்தப் பக்கம் திரும்பியது. அதனருகே போய் நின்றது. யாரையோ தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். மஞ்சள் தொப்பி. டிக்கெட்டில் நான் செய்த குளறுபடியைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தவளை, நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் கவிழ்த்துவிட்டது என்று நினைத்தேன். படகு கரைக்கு வருவதற்குள் என்ன சொல்வது என்று யோசித்தேன். மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.

படகு வந்தது. தொப்பியைக் கழற்றியவர் மீசை வைத்திருந்தார். கால் பிடித்துக்கொண்டதாம். நான் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, ரொம்ப நன்றிங்க, ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முடிக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். அவர்களில் அவள் இல்லை. கடைசி வளைவில் இரண்டு மஞ்சள் தொப்பிகள் பக்கத்தில் பக்கத்தில், ஒட்டினாற்போல வந்தன. ஒன்று கொஞ்சம் நகர்ந்தால் மற்றதும் நகர்ந்தது. ஒன்று நின்றால் மற்றதும் நின்றது. ஆழம் குறைந்து இரண்டு பேரும் எழுந்து நின்றபோது, ஒன்று என் மனைவி. அவளுக்கு வலது கைப்பக்கம் கல்லூரியில் படிக்கிற வயதில் உள்ளூர்ப் பெண் ஒன்று, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

“இவிய ஒங்க வீட்டுக்காரவியளா?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டது. “யம்மா, போயிட்டு வாற வரைக்கும் என்ன விட்டு ஒரு முழம் நகரலியே. நான் வேகமாப் போனா வேகமா வாராவ, நின்னா நிக்காவ. யாரு எவருன்னே தெரியாது, கூடவே வாராவ.”

என் மனைவி வெட்கப்பட்டாள். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே தான் வளைவது தெரிந்துவிட்டதாம்.

“செவுரு இல்லாம எனக்கு நீந்தத் தெரிலீங்க,” என்றாள். “அதான் இந்தப் புள்ளையச் செவுரா வெச்சுக்கிட்டேன்.”

நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தவர் அவளுடைய எண்ணைப் பார்த்து, முடித்தார் என்று உரக்கச் சொன்னார். அவள் அந்தப் பெண்ணுக்கு, எங்கள் ஊருக்கு வந்தால் தேயிலை தருவதாகச் சொல்லி, கன்னத்தைத் தொட்டு அனுப்பினாள். பிறகு, முடித்தவர்களுக்குக் கொடுத்த மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்பதை மிதவையைப் பார்த்துப் பார்த்து அளந்துகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் முகம் முழுக்க அதுதான் இருந்தது. அவள் பசிக்கிறதென்றாள். நான் எப்படி நீந்தினேன் என்று கேட்டாள். சொன்னேன். அப்போது சிரித்தாள், வாய்விட்டு, வெகுநேரம், மெடலைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அந்தக் கடற்கரையில் எழுந்து இன்னொரு வட்டம் போட வேண்டும் போல இருந்தது.

மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய சுகத்தில், திரும்பிப் போகும் ஏற்பாட்டை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு நேர் ரயில் கிடையாது. ஆனால் கவலையில்லை, நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். மதுரை வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொன்று. முதல் டிக்கெட்டைக் கொஞ்சம் நீளமாக எடுத்தால் கட்டணம் குறையும். மதுரையில் வெயிட்டிங் லிஸ்ட் என்றால் அதற்கு முந்தின ஸ்டேஷனிலிருந்து எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் லேசாக மாற்றிவிட்டால் போதும், நான் இப்போதே அமுக்கிவிடுகிறேன் என்றேன்.

“போன இப்படிக் குடுங்க.”